இந்தியக் கூடத்தில் ஓர் ஈரோட்டுக்காரர்

காலை ஆறே முக்காலுக்கு மல்லாவியிலிருந்து மாங்குளம் போகும் பஸ்ஸில் நானும் என் மனைவி யசோவும் ஏறினோம். போகவேண்டிய இடம் கிளிநொச்சி. அங்கே சில நாட்களாக ஒரு சர்வதேசக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கூடங்கள், உழவு இயந்திரங்கள், தண்ணீர்ப் பம்பிகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் உண்டு என்று ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஊர் ஊராகக் கத்திக்கொண்டு திரிந்தது. போகாதவர்களுக்காக யாராவது பார்த்து வந்து எங்கள் வாசிகசாலை மலரில் எழுத வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது நான் முந்திக்கொண்டு கையை உயர்த்தினேன். சந்தியில் பம்பி திருத்துகிறவன் பயணக் கட்டுரை எழுதப் போகிறானாம் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். இதை வாசிக்கும்போது அவர்களுக்குச் சிரிப்பு வருமோ என்னவோ தெரியாது.

பஸ் கட்டணம் ஆளுக்குத் தொண்ணூறு ரூபா. மாங்குளம் பதினேழு கிலோமீற்றர் சொச்சம். அறுவடை முடிந்து வயல்கள் வெட்டையாகக் கிடந்தன. வைக்கோல் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் வீதியின் நடுவில் போக, எங்கள் சாரதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் நின்று கோர்ண் அடித்து, திட்டி, முந்தி, அடுத்ததற்குப் பின்னால் போய் நின்றார்.

யசோவின் மடியில் ஒரு பை இருந்தது. புடைவைக் கடைப் பை. அதன் மேல் கறுப்பு மார்க்கரால் "சிவநேசன், பவானிசாகர் முகாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தாள். உள்ளே பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, ஒரு சேட்டு, நாங்கள் புதிதாகக் கட்டிய குசினியின் படம். பையின் வாயைக் கட்டாமல் சணல் கயிற்றைத் தனியாக வைத்திருந்தாள், முறிகண்டியில் இன்னொன்று வைக்க வேண்டும் என்பதற்காக.

"கண்காட்சிக்குப் போற சனம் பையோட திரும்பி வரும். நாங்கள் பையோட போறம்" என்றேன்.

"அண்ணாட்டப் போற சாமான். நீங்கள் சும்மா இருங்கோ. கதைக்கிற வேலை மட்டும்தான் உங்களுக்கு."

கதைக்கிற வேலை எனக்கு வந்த காரணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதில் மன்னார்க் கரையில் படகேறி இந்தியாவுக்குப் போனவன் நான். அதே படகில் வந்தவர் சிவநேசன், யசோவின் அண்ணன். ஈரோட்டுப் பக்கம் பவானிசாகர் அணைக்குக் கிட்ட இருக்கிற அகதி முகாமில் பதினான்கு வருடம் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். இருவரும் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தோம். முகாம் வாசலுக்கு உள்ளே "ஓம்". வாசலைத் தாண்டினால் "ஆமாங்க". முகாம் ஆள் என்று தெரிந்தால் சிலர் கூலியைக் குறைப்பார்கள், சிலர் இரக்கப்பட்டுப் பழைய சட்டை தருவார்கள். எனக்கு இரண்டும் பிடிக்காது. வீட்டுக்காரர் எது சொன்னாலும் சிவநேசன் ஒரு தினுசாகத் தலையை ஆட்டி, "அப்படிங்களா சார், சரிங்க சார்" என்பார். வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவோம். அந்தக் குரல் வெளியாருக்கான குரல். எங்களுக்குள் ஒருநாளும் அந்தக் குரலில் கதைத்ததில்லை.

போர் முடிந்து இரண்டு வருடத்தில் நான் திரும்பி வந்தேன். சிவநேசன் அங்கேயே கல்யாணம் கட்டிப் பிள்ளைகளும் ஆகிவிட்டதால் நின்றுவிட்டார். புறப்படும்போது என் கையில் ஒரு பொதி தந்தார்: தாய்க்கு ஒரு சேலை, ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுக் கரியர். எங்கள் பக்கத்தில் யார் எங்கே போனாலும் அவர் கையில் ஊரவர் பொதி ஒன்று போகும். அது எங்கள் வழக்கம். மறுத்தால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் அந்தப் பொதியைக் காவிக்கொண்டு ஸ்கந்தபுரத்துக்குப் போய் ஒரு வீட்டுப் படலையைத் தட்டினேன். திறந்தவள் யசோ. மறு வருடம் அந்த வீட்டு மருமகன் ஆனேன். பொதி காவிப் பெண் எடுத்தவன் என்று இப்போதும் மல்லாவியில் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

படகேறிய நாளுக்குப் பிறகு யசோ அண்ணனை நேரில் காணவில்லை. அவர் இங்கே வந்தால் திரும்பப் போவது சிக்கல், இவள் அங்கே போவோம் போவோம் என்றே வருடங்கள் போய்விட்டன. முன்பு ஒரு தடவை தபாலில் அனுப்பிய கச்சான் மாதக்கணக்கில் கிடந்து பூஞ்சணம் பிடித்துத்தான் போய்ச் சேர்ந்தது. இந்தியக் கலாசாரக் கூடத்தில் ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று நிற்கிறது என்று கண்காட்சிக்குப் போய்வந்த எதிர்வீட்டு ரீச்சர் சொன்ன அன்றே யசோ ஒடியல் இடித்துவிட்டாள்.

காலை எட்டு மணி. மாங்குளத்தில் பஸ் மாறி, ஏ-ஒன்பது வீதியில் வடக்கே போனோம். கிளிநொச்சிக்கு ஆளுக்கு நூற்று நாற்பது ரூபா. முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி எந்த பஸ்ஸும் நிற்காமல் போவதில்லை. சாரதி இறங்கிப் போய் உண்டியலில் காசு போட்டு, திருநீறு பூசி வந்தார். அதற்குள் சனம் கச்சான் கடைகளைச் சுற்றி நின்றது. கச்சான் என்றால் வறுத்த நிலக்கடலை. அது எங்கும் உண்டு, ஆனால் முறிகண்டிக் கச்சான் என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு சாமான்.

"அக்கா, கருகாததாப் பாத்துப் போடுங்கோ. இந்தியாவுக்குப் போற கச்சான்" என்றாள் யசோ.

"இந்தியாவுக்கோ?" கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உவர் கொண்டு போறதெண்டால் கிளிநொச்சி தாண்டாது. வழியிலையே முடிச்சுப்போடுவார்."

சுற்றி நின்ற சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். யசோ சூட்டோடு இரண்டு பக்கற்றைப் பைக்குள் வைத்து, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினாள். முறிகண்டியில் மேற்கே திரும்பினால் அவளுடைய ஸ்கந்தபுரம். அந்த வீதியைக் கடக்கும்போது, "அண்ணா சின்னனில உதாலதான் சைக்கிளில வந்து கச்சான் வேண்டுறவர்" என்றாள்.

ஒன்பதரை மணி. கண்காட்சிக்கு நுழைவு ஆளுக்கு இருநூறு ரூபா. வாசலில் செம்மண் புழுதிக்குத் தண்ணீர் தெளித்துச் சேறாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே முதலில் வங்கிகள், பிறகு கைத்தொலைபேசிக் கடைகள், பிறகு பம்பிகள். பம்பிகளிடம் நான் அரை மணித்தியாலம் நின்றேன். சூரிய ஒளியில் ஓடும் ஒரு பம்பியைக் கழற்றிப் பார்க்கக் கேட்டேன், விடவில்லை. ஜப்பான் கூடத்தில் காகிதத்தில் கொக்கு மடித்துக் காட்டினார்கள். இந்தோனேசியக் கூடத்தில் தோற்பாவைகள் வடிவாக இருந்தன. யசோ ஒவ்வொரு கூடத்தின் வாசலிலும் நின்று, "இது இந்தியாவோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தாள். பை அவள் கையில் இருந்தது. நான் இரண்டு எட்டு முன்னால் போனேன். சனத்துக்குள் வழி எடுக்கிறேன் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

உண்மைக் காரணம் அந்தப் பைதான். வெளிநாட்டிலிருந்து பட்டுடுத்தி வந்து நிற்கிற பிள்ளையிடம், முகாம் என்று கொட்டை எழுத்தில் எழுதிய பையை நீட்டி, ஒடியல் மா கொண்டுபோ என்று கேட்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினொரு மணிக்கு இந்தியக் கலாசாரக் கூடத்தை அடைந்தோம். மற்ற எல்லாக் கூடங்களையும்விடப் பெரியது. முகப்பில் கோபுரம். கையால் தட்டிப் பார்த்தேன், ரெஜிபோம், இந்தியாவில் தெர்மாகோல் என்பார்கள். வாசலில் குத்துவிளக்கு ஒன்று எரிந்தது, அது மட்டும் அசல் பித்தளை. விளக்கைக் கண்டதும் எங்கள் சனம் வழமைபோலச் செருப்பைக் கழற்றிவிட்டது. கழற்றத் தேவையில்லை என்று காவலாளி சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் அவரே குனிந்து செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். யசோவும் கழற்றினாள். செருப்புக்கு ஒரு பத்திரமான இடம் தேடி அவள் நிற்க, நான் சப்பாத்தோடு உள்ளே போனேன். அங்கத்தைய நடப்பு எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

உள்ளே குளிரூட்டி. ஒரு சுவரில் பரதம், கதகளி, பாங்க்ரா என்று ஆள் உயரப் படங்கள். இன்னொரு சுவரில் பத்து மாநிலத்துச் சேலைகள். நடுவில் நூலால் பின்னிய இந்திய வரைபடம், பொத்தானை அழுத்தினால் ஊருக்கு ஊர் சின்ன விளக்கு எரியும். தலைப்பாகை கட்டிப் படம் எடுக்க ஒரு மூலை. வீணை ஒன்றைத் தொட்டுப் பார்க்க விட்டிருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் படாத பாடு படுத்தினார்கள். போகாதவர்களுக்குச் சொல்கிறேன், பார்க்கவேண்டிய கூடம்தான்.

வரைபடத்துக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையும் மல்லிகையுமாக ஓர் இளம் பெண் நின்றாள். மார்பில் கவிதா என்று பெயர் அட்டை. "வாங்க, வாங்க, எல்லாம் பாருங்க" என்றாள்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது. அவள் சட்டென்று திரும்பினாள்.

"சார், நீங்க நம்ம ஊருங்களா?"

திருத்துவதற்கு எனக்கு ஒரு நொடி இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

"எந்தப் பக்கமுங்க?"

"ஈரோடு."

"அட! எனக்கு சத்தியமங்கலமுங்க சார்! இங்க வந்ததுலருந்து நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரைக்கூடப் பாக்கலைங்க." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். தனக்கு வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள். வரைபடத்தில் ஈரோட்டுப் பொத்தானை என்னைக்கொண்டே அழுத்தவைத்தாள். விளக்கு எரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். என் சொந்தப் பிரதேசத்தில், வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் வராத தூரத்தில், இன்னொரு நாட்டுக்காரனாக மரியாதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

அத்தோடு விட்டேனா? சுவரைக் காட்டி, "பட்டி பூசித் தேய்க்காம பெயின்ட் அடிச்சிருக்காங்க, கோடு தெரியுது பாருங்க" என்றேன்.

"நீங்க பெயின்ட் கான்ட்ராக்டருங்களா சார்?"

"அது மாதிரிதாங்க."

"எங்க வீட்டுக்கு கேம்ப் ஆளுங்கதான் வந்து அடிச்சுக் குடுத்தாங்க. பவானிசாகர்ல இலங்கைக்காரங்க கேம்ப் ஒண்ணு இருக்குங்களே, தெரியுங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேங்க" என்றேன்.

பதினான்கு வருடம் படுத்து எழும்பிய இடத்தை நான் கேள்விப்பட்டிருந்தேன். அவள் வீட்டுச் சுவரை அடித்தது நானும் சிவநேசனுமாகவேகூட இருக்கலாம். அவள் அந்த ஆட்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நேரத்துக்கு வருவார்கள், அவர்கள் பேச்சைக் கேட்க ஆசையாக இருக்கும் என்றாள். குறை சொல்லியிருந்தாலாவது எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும்.

அப்போதுதான் யசோ வெறுங்காலோடு, பையை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள். நான் அந்தப் பெண்ணோடு கதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. விஷயத்தைத் தொடக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

"தங்கச்சி, ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளை நீங்களோ?"

"சொல்லுங்கம்மா."

"என்ர அண்ணா பவானிசாகர் முகாமில இருக்கிறார். உங்கட ஊருக்குக் கிட்டத்தானே. நீங்கள் போகேக்க இதை ஒருக்காக் கொண்டு போவியளோ? கனக்க இல்லை, கச்சானும் ஒடியல் மாவும்தான். நீங்கள் ஒரு இடமும் அலையத் தேவையில்லை, போன் எடுத்தால் அவர் வந்து வேண்டுவார்."

ஆசையில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கவிதா என் பக்கம் திரும்பினாள்.

"சார், இவங்க என்ன சொல்றாங்க? எனக்குப் பாதிதான் புரியுதுங்க."

யசோவும் என்னைப் பார்த்தாள். கதைக்கிற வேலை எனக்கு என்றுதானே பஸ்ஸில் பேச்சு. அவள் ஆறுதலாக மூச்சை விட்டதைக்கூடக் கண்டேன். என் மனைவியின் பேச்சை அவளுக்கு முன்னாலேயே இன்னொருவருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

"இவங்க அண்ணன் அந்த கேம்ப்ல இருக்காராம். ஏதோ பார்சல் கொடுக்கணுமாம்."

இருக்காராம். கொடுக்கணுமாம். நமக்குத் தெரியாத சங்கதியை, யாரோ சொல்லக் கேட்டதை, பொறுப்பு இல்லாமல் சொல்வதற்குத்தான் தமிழில் இந்த "ஆம்" இருக்கிறது. என்னோடு ஒரே கோப்பையில் சாப்பிட்ட மனிதனை, எனக்குப் பெண் தந்த வீட்டு மூத்த மகனை, நான் அந்த ஓர் எழுத்தால் தெரியாதவர் ஆக்கினேன். கவிதாவுக்கு அது கேட்டிருக்காது. யசோவுக்குக் கேட்டது. அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி உடனே போகவில்லை, விளங்காத மாதிரிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"ஐயோ சார், தெரியாதவங்க எது குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லியிருக்காங்க. ஏர்போர்ட்ல பிரச்சினை ஆயிரும்" என்றாள் கவிதா. பையில் எழுதியிருந்ததை வாசித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பாவமா இருக்குங்க. எங்க பஸ்ஸே அந்த வழியாத்தான் போகும். நீங்க இவங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் வாங்கிக்கறேங்க."

ஒரு வார்த்தைதான். மனைவி என்று சொன்னால் பை போய்ச் சேரும். சொன்னால் ஈரோட்டுக்காரனும் இல்லை, கான்ட்ராக்டரும் இல்லை, கேள்விப்பட்டதும் பொய். தண்ணீர் தந்து கண் கலங்கிய பிள்ளை என்னை எப்படிப் பார்க்கும் என்பது மட்டும்தான் அந்த நேரம் என் மண்டைக்குள் நின்றது. "அது வந்துங்க..." என்று இழுத்தேன்.

"இல்லைத் தங்கச்சி" என்றாள் யசோ. "எனக்கு இவரை ஆரெண்டு தெரியாது."

இந்த முறை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அது கவிதாவுக்கு முழுதாக விளங்கியது. யசோ பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே சனத்துக்குள் போய்விட்டாள்.

"பாவமுங்க" என்றாள் கவிதா. நான் நகரப் பார்த்தபோது மறித்து, மேசைக்குக் கீழிருந்து ஒரு சின்னப் பொதியை எடுத்து என் கையில் வைத்தாள். "கடலை மிட்டாய் சார். அம்மா செஞ்சு குடுத்துவிட்டது. நம்ம ஊருக்காரர்னு உங்களுக்குத்தான் தர்றேன்." வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் யசோவின் செருப்பைக் காணவில்லை, போட்டுக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டரை மணியளவில் அவளைக் கண்டுபிடித்தேன். அறுவடை இயந்திரங்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பின்னால், ஒரு வேம்பின் கீழ், பையை மடியில் வைத்தபடி இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எழும்பு. போய்ச் சொல்லுவம். நான் சொல்லுறன்" என்றேன்.

"என்னெண்டு?"

"நீ என்ர மனுசி எண்டு."

"அதை நான் வந்து நிண்டு கேக்கவேணுமோ? போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. அந்தப் பிள்ளை ஓம் எண்டால் பையைக் கொண்டு வாறன்."

நியாயமான பேச்சு. திரும்பிப் போனேன். வழி நெடுக, "தங்கச்சி, நான் பிழை விட்டிட்டன்" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கவிதாவைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். என்னைக் கண்டதும், "பசங்களா, இந்த சார் எங்க ஊர்க்காரரு" என்று ஒரு ஐம்பது பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தாள். எல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். ஏதாவது ஒன்று என்னை அடையாளம் கண்டுவிடுமோ என்று முகத்தை வரைபடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சொல்லுங்க சார்."

"பாத்ரூம் எந்தப் பக்கமுங்க?" என்றேன்.

அவள் காட்டிய பக்கம் போய், தேவையில்லாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு வேம்படிக்கு வந்தேன்.

"அந்தப் பிள்ளை சாப்பிடப் போயிட்டுதாம்" என்றேன்.

"போயிட்டுதாமோ?" என்றாள் யசோ. எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். சாப்பாட்டுக் கடைகள் பக்கம் நாங்கள் போகவில்லை. ஆகவே அங்கத்தைய விலைகளை இந்தக் கட்டுரையில் தர முடியாமைக்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

பிற்பகல் இரண்டு மணி பஸ். முன்னால் பெண்களோடு இருந்த ஓர் இடத்தில் யசோ இருந்துகொண்டாள். நான் பின் கதவருகில் நின்றேன். நடத்துநர் வந்தார்.

"மாங்குளம் ரெண்டு."

"மற்றாள் ஆர் அண்ணை?"

"அந்தா, பையோட இருக்கிறவா. அவா என்ர மனுசி!"

ஏன் அவ்வளவு பலமாகச் சொன்னேன் என்று தெரியாது. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துநர் பயந்துபோய், "சரி அண்ணை, நான் இல்லையெண்டு சொல்லேல்லையே" என்றார். யசோ திரும்பவில்லை. கூடத்தில் அந்தப் பிள்ளை நேராகக் கேட்டும் வராத வசனம், கேட்கத் தேவையில்லாத மனிதரிடம் இப்படி வந்து விழுந்தது.

முறிகண்டியில் பஸ் நின்றது. காலையில் கச்சான் விற்ற பெண் ஜன்னலடியில் வந்து, யசோவின் மடியைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, இந்தியாவுக்குப் போகேல்லையோ?"

"இல்லை அக்கா. கொண்டு போக ஆள் இல்லை."

பின் கதவருகில் நின்ற எனக்கு அது நன்றாகக் கேட்டது. என் சட்டைப் பைக்குள் கடலை மிட்டாய் வெயிலுக்கு இளகி நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான்கரைக்கு வீட்டுக்கு வந்தோம். செயலாளருக்குக் கொடுத்த வாக்குப்படி, போகிறவர்களுக்குச் சில சொற்கள்: காலையிலேயே போங்கள். இந்தியக் கூடத்தில் செருப்பைக் கழற்றத் தேவையில்லை. அங்கே வரைபடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை நல்ல பிள்ளை, கொஞ்சம் ஆறுதலாகக் கதைத்தால் நாங்கள் சொல்வது அதற்கு விளங்கும். எங்கள் பேச்சிலேயே கதையுங்கள்.

விளக்கு வைக்கிற நேரம் சிவநேசனின் அழைப்பு வந்தது. யசோ போனை மேசையில் வைத்து, எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். பக்கத்தில் அந்தப் பை கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

"என்ன யசோ, கச்சான் வெளிக்கிட்டிட்டுதோ?"

"இல்லை அண்ணா." அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க ஈரோட்டுக்காரர் ஒருத்தர் நிண்டவர். அவர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை கொண்டு போயிருக்கும். ஆனால் அவருக்கு எங்களைத் தெரியாதாம்."

"அவரைக் குறை நினையாதை" என்றார் சிவநேசன். "முன்பின் காணாத ஆக்களுக்காக ஆர் சொல்லுவினம்? அவருக்கு என்ன கஷ்டமோ. மச்சான் பக்கத்தில இருக்கிறாரே?"

"இருக்கிறார்."

"மச்சான், நீயும் நிண்டனிதானே? உனக்கு அவையின்ர கதை வருமே. அந்தாளோட ரெண்டு வார்த்தை கதைச்சுப் பாத்திருக்கலாமே. ஆரடாப்பா அது? ஈரோட்டில எவடமாம்?"

யசோ விலகிப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. மேசைக்கு மறுபக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் மச்சான்" என்றேன்.

முதலில் சிரித்தார், பகிடி என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை, யசோவும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அங்கே அவருடைய பிள்ளைகள் ஏதோ சத்தம் போடுவது கேட்டது. அவர் போனை வைத்துவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். வைக்கவில்லை.

"அப்படிங்களா சார்" என்றார். "சரிங்க சார்."